அந்த மழை நமக்குப் பெய்கிறது



இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது கம்பத்தில் காற்றும் சாரலுமாக இருக்கும். மேற்கே மலை இருக்கும் இடமே தெரியாமல் மேகம் மூடியிருக்கும். ஒரு நாள் ஓய்வு கிடைத்தால் குடையை எடுத்துக்கொண்டு தேக்கடிக்குப் போய் வாருங்கள். வெயில் காலத்தில் பார்த்தவர்களும் மழையில் ஒருமுறை போக வேண்டும்.

கூடலூரைத் தாண்டி லோயர் கேம்ப்பை நெருங்கும்போது மலைச்சரிவில் இறங்கும் பெரிய குழாய்களைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். சுரங்கம் வழியாக மலையைக் கடந்து வரும் பெரியாற்றுத் தண்ணீர் அவற்றில் இறங்கி, மின்சாரம் கொடுத்துவிட்டு நம் வயலுக்கு வருகிறது. மின் நிலையத்துக்குப் போகாத தண்ணீர் இரைச்சல் பாலம் வழியே பாய்ந்து இறங்கும். தண்ணீர் நம்மை நோக்கி வர, நாம் அது புறப்பட்ட இடம் தேடி மேலே போகிறோம். இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

குமுளியில் ஏலக்காய் மணக்கும் கடைத்தெருவில் சூடாக ஒரு டீ குடித்துவிட்டுத் தேக்கடி ஏரியின் படகுத்துறைக்குப் போகலாம். மழைக்காலத்தில் காட்டுக்குள் எங்கும் தண்ணீர் கிடைப்பதால் யானைகள் ஏரிக்கரைக்கு வருவது குறைவு. அதற்காக மனம் தளர வேண்டாம். மழைத்திரைக்குப் பின்னால் மலைகள் ஒவ்வொன்றாக மறைந்து மறைந்து தெரிவதையே நாளெல்லாம் பார்க்கலாம். நீருக்குள்ளிருந்து கறுத்த மரக்கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் மேல் நீர்க்காகங்கள் உட்கார்ந்திருக்கும். பெரியாற்றில் அணை கட்டி முடித்த 1895-ல் மூழ்கிய காட்டின் மிச்சம் அவை. படகில் ஒன்று மட்டும் கவனம்: லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றாதீர்கள், படம் எடுக்க ஒரே பக்கமாகக் கூடாதீர்கள். 2009 செப்டம்பர் 30 அன்று இதே ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள்.

சுற்றுலாப் படகிலிருந்து அணை தெரியாது. ஆனால் அணை இல்லையென்றால் இந்த ஏரியே இல்லை. மேற்கே ஓடி அரபிக் கடலில் கலந்துகொண்டிருந்த ஆற்றைக் கிழக்கே திருப்ப, 1887 முதல் எட்டாண்டுகள் பொறியாளர் பென்னிகுயிக்கும் பல்லாயிரம் தொழிலாளர்களும் பாடுபட்டார்கள். தொடக்கத்தில் போட்ட கட்டுமானத்தை வெள்ளம் அடித்துப்போனது. காய்ச்சலில் செத்தவர்கள் எத்தனையோ பேர். சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லுமாக எழுந்த அந்தச் சுவர்தான் இன்றும் நிற்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல் அதன் தண்ணீரில் விளைகிறது. வைகையோடு சேர்ந்து அது மதுரையையும் தாண்டிப் போகிறது. அதனால்தான் ஜனவரி 15-ல் நம் கிராமங்கள் பென்னிகுயிக் பிறந்தநாளுக்கும் சேர்த்துப் பொங்கல் வைக்கின்றன.

"அணையில எத்தனை அடி?" என்று காலையில் பேப்பரைப் பிரித்ததும் கேட்கும் பெரியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஏரியை நேரில் பார்த்ததே இல்லை. இந்த முறை அவர்களையும் கூட்டிப் போங்கள். லோயர் கேம்ப்பில் உள்ள பென்னிகுயிக் மணிமண்டபத்தில் சற்று உட்காரவைத்து, மெதுவாக மலையேறுங்கள். காட்டுப் பாதைக்கு வனத்துறை பஸ் இருக்கிறது. ஏரியில் மழை விழுவதைப் பார்த்து அவர்கள் என்ன சொன்னார்கள் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் இந்தப் பக்கத்தை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கிவைக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்