பொத்தான் வேடம் போட்ட பெட்டி

உதவித்தொகை இணையதளத்துக்குப் பொறுப்பான அதிகாரி அவர்களுக்கு,

மனுப் போட்டு ஓய்ந்த பிறகு ஊரறிய எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்ததும், இணையச் சேவைகளை எட்டுவதும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் எனக்கு முன்பே உங்கள் மேசைக்கு வந்திருக்கும். அதை விடுங்கள். ஒரே ஒரு விண்ணப்பத்தின் கதையைக் கேளுங்கள்.

என் தங்கை மகனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. கல்லூரியில் படிக்கிறான். மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர் 2006இல் எழுதத் தொடங்கிய என்விடிஏ என்னும் இலவச மென்பொருள்தான் திரையில் உள்ளதை அவனுக்குப் படித்துச் சொல்லும். உங்கள் படிவத்துக்குள் போனதும் அது 'எடிட், பிளாங்க்' என்றது. அடுத்த கட்டத்திலும் அதே. பெயரா, சாதியா, வங்கிக் கணக்கு எண்ணா? பக்கத்தில் எழுதியிருக்கிறதே என்பீர்கள். அது கண்ணுக்குத்தான் பக்கம். லேபிள் என்று குறியிட்டுக் கட்டத்தோடு இணைத்தால்தான் மென்பொருளுக்குத் தெரியும். அம்புக்குறி விசையால் முன்னும் பின்னும் தடவி ஒருவழியாக நிரப்பினான். பிறகு 'சமர்ப்பி'யைத் தேடினான். டேப் விசையை எத்தனை முறை தட்டியும் அகப்படவில்லை. அங்கே இருப்பது பொத்தானே அல்ல, பச்சைச் சாயம் பூசிய வெறும் 'டிவ்' பெட்டி. மவுஸுக்கு மட்டும் மசியும். இணையப் பக்கங்களை எழுதும் ஹெச்டிஎம்எல்லில் 'பட்டன்' என்றே ஒரு குறி சும்மா கிடக்கிறது. அதைப் போட்டிருந்தால் டேப்பும் என்டரும் தாமாக வேலை செய்யும், காசு கேட்காது. உங்கள் ஒப்பந்தக்காரருக்குச் சாயம்தான் பிடித்திருக்கிறது.

'வீட்டில் யாரும் இல்லையா?' என்று உங்கள் அலுவலகத்தில் போனில் கேட்டார்கள். இருக்கிறாள், அவன் அம்மா. விடியுமுன் ஜீப் ஏறி போடிமெட்டுக்கு அந்தப்பக்கம் ஏலக்காய் எடுக்கப் போனால் இருட்டித்தான் திரும்புவாள். ஆக, கம்ப்யூட்டர் சென்டரில் முன்பின் தெரியாதவரிடம் ஆதாரையும் ஓடிபியையும் ஒப்படைக்க வேண்டும். நல்ல பாதுகாப்பு.

கடைசித் தேதி போயிற்று. புகாருக்குப் பதில் வந்தது: கையெழுத்துப் போட்ட கடிதத்தை ஸ்கேன் செய்த படம். என்விடிஏ ஒரு சொல் பேசவில்லை. பார்வையில்லை என்று எழுதியவனுக்குப் படம் அனுப்ப யாருக்கு மனசு வந்தது? உங்கள் இணையதளத்தின் உச்சியில் 'அ+', 'அ-' வேறு. எழுத்தைப் பெரிசாக்கினால் தெரியுமாம் அவனுக்கு!

இனி மனு இல்லை. ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டு உட்கார வையுங்கள், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். திரையை அணையுங்கள், மவுஸைப் பிடுங்குங்கள், அந்தப் படிவத்தை அனுப்புங்கள். ஒப்புகை எண் வந்தால் சொல்லுங்கள். ராசிங்காபுரத்திலிருந்து பொன்னாடையோடு வருகிறேன்.

இப்படிக்கு,
அவன் தாய்மாமன்