ஃபார்மட் போடச் சொல்வதற்கு முன்னால்



"டீச்சர், வாரம் ஒரு பழைய போட்டோ போடுவீங்களே, ரெண்டு மாசமா ஒண்ணையும் காணோமே, உடம்புக்கு முடியலையா?" என்று பல பேர் கேட்டுவிட்டீர்கள். எனக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது. முடியாமல் போனது என் ஹார்ட் டிஸ்குக்கு. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழக்கம்தான்.

2018இல் ஓய்வு பெற்ற மாதம் வாங்கியது அந்த எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். ஒரு டெராபைட். கடைக்காரர் "ஒரு டி.பி. போதும்மா" என்றபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டி.பி. என்றால் காசநோய் என்று ஊர்வலம் போய்க் கோஷம் போட்ட தலைமுறை நாங்கள். என் 33 வருடப் பள்ளி வாழ்க்கையின் குரூப் போட்டோக்கள், நீங்கள் எழுதிய கையெழுத்துப் பத்திரிகைகள், ஆண்டு விழாப் படங்கள் எல்லாவற்றையும் ஒன்றரை வருடம் உட்கார்ந்து ஸ்கேன் செய்து அதில் ஏற்றினேன். எங்கள் அம்மா பாடிய தாலாட்டு ஒன்று, 11 நிமிடம், பழைய போனில் பதிவு செய்தது, அதையும் ஏற்றினேன். அந்தப் போனும் இல்லை, அம்மாவும் இல்லை. 2020 ஊரடங்கில் பின்கட்டைத் திறக்காமல் விட்டதில் டிரங்குப் பெட்டியில் இருந்த அசல் படங்களைக் கரையான் தின்றுவிட்டது. "போனால் போகிறது, ஸ்கேன் இருக்கிறதே" என்று அன்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிக்கொண்டேன்.

பொங்கல் விடுமுறையில் நீங்கள் சிலர் பள்ளியில் கூடினீர்கள் அல்லவா, அந்தப் படங்களை அதே டிஸ்கில் ஏற்றும்போது பாதியில் நின்றது. "ஐ.ஓ. டிவைஸ் எரர்" என்று ஒரு பெட்டி திரையில் வந்தது. மறுபடி முயன்றேன், நின்றது. மூன்றாவது தடவை டிஸ்கே திரையிலிருந்து காணாமல் போய், தானாகத் திரும்பி வந்தது.

பெங்களூரில் இருக்கும் என் தம்பி மகனுக்குப் போன் போட்டேன்.

"ஒண்ணுமில்ல அத்தை, ஃபார்மட் போட்டுருங்க, சரியாயிரும்."

"டேய், உள்ள இருக்கிறது என்ன ஆகும்?"

"போயிரும். அதான் பேக்கப் இருக்கும்ல?"

"இதுதாண்டா பேக்கப்!"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

டவுனில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். டிஸ்கைக் கையில்கூட வாங்காமல், "ஃபார்மட் போட்டுத் தரேம்மா, இருநூறு ரூபாய்" என்றார்கள். சொந்தக்காரர் ஒருவர், பெயர் சொன்னால் சண்டைக்கு வருவார், பிளாஸ்டிக் பையில் சுற்றி ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்னார். அதை யாரும் செய்துவிடாதீர்கள். குளிரிலிருந்து வெளியே எடுத்ததும் ஈரம் கோத்துக்கொள்ளும், அரை உயிரில் இருப்பது முழுதாகப் போகும். இந்த மூன்று பேரில் என் தம்பி மகனுக்குப் பேச்சுவாக்கில்தான் விஷயம் தெரிந்தது. மற்ற இருவரும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவே இல்லை. என் ஆதங்கம் அதுதான்.

ஒரு பையன் கதை சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இரண்டாம் வகுப்பில் ஒருவன் கரும்பலகையில் இருப்பதை எழுதவே மாட்டான். நோட்டு வெள்ளையாக இருக்கும். இரண்டு நாள் முட்டி போட வைத்தேன். மூன்றாம் நாள் ஏதோ காரணத்துக்காக முன்வரிசையில் உட்கார வைத்தபோது கடகடவென்று எழுதினான். அவனுக்குக் கண் பார்வை தூரத்துக்குத் தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சியில் குறையறி சோதனை என்று தனிப் பாடமே படித்துவிட்டுத்தான் வந்திருந்தேன். முதலில் குறை எங்கே என்று அறி, அப்புறம் குறைதீர் கற்பித்தல். படித்தது பரீட்சையோடு போயிற்று, முட்டி போடுவதுதான் கைக்கு வந்தது. அவன் இன்று இதைப் படித்தாலும் படிப்பான். தம்பி, மன்னித்துக்கொள்.

டிஸ்க் எழுத மாட்டேன் என்கிறபோதும் குறை எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். நிறைய நேரம் அது வியாதியே இல்லை.

சென்ற வருடம் என் சித்தப்பா மகள் வீட்டுக் கல்யாண வீடியோ ஒரு பென் டிரைவில் ஏற மறுத்தது. 32 ஜி.பி. இடம் காலியாகக் கிடக்கிறது, 6 ஜி.பி. வீடியோ ஏறவில்லை. வீடே ஏதோ கெட்டுப்போனது என்று அலறியது. பென் டிரைவ் 'ஃபேட் 32' என்ற முறையில் அமைக்கப்பட்டிருந்தது. அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான். என் மருமகளின் ஆப்பிள் மடிக்கணினியில் இன்னொரு கூத்து. விண்டோஸில் பயன்படுத்தும் 'என்.டி.எஃப்.எஸ்.' டிஸ்கை அதில் செருகினால் படிக்கும், எழுதாது. அது அதன் சுபாவம். இரண்டு இடத்திலும் பயன்படுத்த வேண்டும் என்றால் 'எக்ஸ் ஃபேட்' முறையில் அமைத்துக்கொள்ள வேண்டும். இந்த மாதிரி இடங்களில் ஃபார்மட் போடுவது சரியான வைத்தியம்தான், நான் மறுக்கவில்லை. உள்ளே இருப்பதை வேறொன்றில் எடுத்து வைத்த பிறகு, அவ்வளவே.

அடுத்தது மின்சாரமும் வயரும். உள்ளங்கை அளவு சின்ன டிஸ்குகளுக்குத் தனி அடாப்டர் கிடையாது, கணினியின் யு.எஸ்.பி. துளையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்கின்றன. பழைய யு.எஸ்.பி. 2 துளை தருவது 500 மில்லி ஆம்பியர், யு.எஸ்.பி. 3 துளை 900. உள்ளே தகடு சுழலத் தொடங்கும் நேரத்தில்தான் அதிகம் தேவைப்படும். பழைய கணினியின் முன்பக்கத் துளையிலோ, நாலு துளை கொண்ட மலிவான ஹப்பிலோ செருகினால் போதாமல் போகும். படிப்பதற்குச் சமாளித்துவிடும், தொடர்ந்து எழுதும்போது திணறி அறுந்துவிடும். என் டிஸ்க் மறைந்து மறைந்து வந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்தது. பின்பக்கத் துளைக்கு மாற்றினேன். அந்த அகலமான இரட்டைவாய் வயர் தொளதொளவென்று ஆடிக்கொண்டிருந்தது, புதிது வாங்கினேன். அதோடு டிஸ்க் மறைவது நின்றது. 'ஆகா, ஜெயித்துவிட்டேன்' என்று என் தம்பி மகனுக்கு வாய்ஸ் மெசேஜ் வேறு அனுப்பினேன்.

இரண்டு நாள்தான். மறுபடி அதே பிழை.

அப்போதுதான் 2001இல் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த ஒருவன் நினைவுக்கு வந்தான். மதுரையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறான். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான், போட்டால் ஊர் முழுக்க இலவசமாக டிஸ்க் தூக்கிக்கொண்டு வருவார்களாம். அவன் கேட்ட முதல் கேள்வி: "டீச்சர், உள்ள என்ன இருக்கு?" இரண்டாவது: "வேற எங்கயாச்சும் காப்பி இருக்கா?" இல்லை என்றதும், "அப்ப வயரைப் பிடுங்குங்க. இனிமே அதுல ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது" என்றான். எனக்கே வகுப்பெடுக்கிறான்!

'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்று இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைத்திருக்கும் குறிப்பை எடுத்துக் காட்டும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம். என்னுடையது மஞ்சள். சில டிஸ்குகளின் உறை இந்தக் குறிப்பை வெளியே விடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவன் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். டிஸ்கை ஒரு நோட்டுப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கொஞ்சம் வெற்றுத்தாள் உபரியாகத் தைத்திருக்கிறது. எழுதும்போது ஒரு பக்கம் ஓட்டை என்று தெரிந்தால், டிஸ்க் நம்மிடம் சொல்லாமலேயே உபரித் தாளில் எழுதிக்கொண்டு, "இந்தப் பக்கத்துக்குப் பின்னால் பார்க்க" என்று குறித்துக்கொள்ளும். இப்படி வருடக்கணக்கில் சமாளிக்கும். ஆகவே பிழை என்று வாய்விட்டுச் சொல்கிறது என்றால் பெரும்பாலும் நெடுநாள் வலியைப் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறது. இன்னொரு கணக்கும் அதில் உண்டு: படிக்க முடியாமல் போன, ஆனால் இன்னும் கைவிடப்படாத பகுதிகள். நிலுவை என்று சொல்லலாம். என் டிஸ்கில் 96 இடங்கள் நிலுவையில் இருந்தன. அந்த இடங்களில் இருக்கும் படங்களைத் திரும்பத் திரும்ப முயன்று படித்தால் ஒருவேளை கிடைக்கும்.

இப்போது முழு ஃபார்மட் போட்டால் என்ன ஆகும்? விண்டோஸ் டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியமாக எழுதித் தள்ளும். அந்த 96 இடங்களிலும் பழையதை அழித்துப் புதிதாக எழுதப் பார்க்கும், எழுத முடியாத இடத்துக்கு உபரித் தாளைக் கொடுக்கும். நிலுவைக் கணக்கு காணாமல் போகும். டிஸ்க் "சரியாகிவிட்டது" என்று கையில் கொடுப்பார்கள். பள்ளிக்கு வராத பிள்ளையின் பெயரைப் பதிவேட்டில் அடித்துவிட்டு, வருகை நூறு சதவீதம் என்று இன்ஸ்பெக்‌ஷனில் காட்டுவார்களே, அதுதான் இது. பதிவேடு சுத்தமாகத்தான் இருக்கும். பிள்ளையைக் காணோம்.

'குயிக் ஃபார்மட்' அவ்வளவு கொடுமை இல்லை, பொருளடக்கத்தை மட்டும் புதிதாக்கும், விவரம் தெரிந்தவர்கள் மீட்கலாம். ஆனால் அவசரத்தில் எதை அமுக்குகிறோம் என்று யாருக்குத் தெரிகிறது? பிழை திருத்துகிறேன் என்று 'செக் டிஸ்க்' ஓட்டுவதும் நோயாளி டிஸ்குக்கு ஆகாது. அதுவும் உள்ளே எழுதித் திருத்துகிற வேலைதான், டிஸ்க் முழுவதையும் அலசச் சொன்னால் மணிக்கணக்கில் ஓட வைத்துவிடும். மூச்சு வாங்குகிறவரை மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்வது மாதிரி.

அவன் செய்தது வேறு. புது டிஸ்க் ஒன்று வாங்கி வரச் சொன்னான். 'டி.டி. ரெஸ்க்யூ' என்ற மென்பொருள், லினக்ஸில் ஓடுவது. எளிதாகப் படிக்க முடிகிற பகுதிகளையெல்லாம் முதலில் ஒரே ஓட்டமாகப் படித்துப் புதியதில் நகல் எடுத்துவிடுகிறது. தகராறு செய்யும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு கடைசியில்தான் திரும்பி வருகிறது. "தெரிஞ்ச கேள்வியை முதல்ல எழுதுடா, தெரியாததுக்கு இடம் விட்டுட்டுப் போ" என்று உங்களிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! "நீங்க சொன்னதுதான் டீச்சர்" என்று அவனும் சிரித்தான். முதல் ஓட்டம் ஒரு ராத்திரி. மிச்சம் இரண்டு பகல். நான் அந்தக் கடையில் மர ஸ்டூலில் உட்கார்ந்து சதவீதம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் மனைவி டீயும் முறுக்கும் கொடுத்தனுப்பிக்கொண்டே இருந்தாள்.

கடைசிக் கணக்கு: 23 கோப்புகள் போயின. மற்றவை வந்துவிட்டன. அம்மாவின் தாலாட்டு முழுசாக இருக்கிறது, கடையிலேயே போட்டுக் கேட்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத வேண்டாம்.

என் தம்பி மகன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. "பத்துல எட்டு டிஸ்க் ஃபார்மட்லயே சரியாகும் அத்தை" என்கிறான். ஆகட்டுமே. மிச்சம் இரண்டில் யாருடைய அம்மா பாட்டு இருக்கிறது என்று அவனுக்கு எப்படித் தெரியும்? கணினி தெரிந்த பிள்ளைகள் நிறையப் பேர் இதைப் படிக்கிறீர்கள். ஊரிலிருந்து அப்பாவோ அத்தையோ போன் செய்து "டிஸ்க் எழுத மாட்டேங்குது" என்றால், வாயில் ஃபார்மட் வருவதற்கு முன் அந்த இரண்டு கேள்வியைக் கேளுங்கள். உங்களுக்கு அது வட்ட வடிவத் தகடு. எங்கள் வயதுக்காரர்களுக்கு அது டிரங்குப் பெட்டி.

தப்பு என் பேரிலும் இருக்கிறது. அசல் போன பிறகு ஒரே ஒரு நகலை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். வேலை முடிந்ததும் 'பாதுகாப்பாக அகற்று' என்று அமுக்காமல் வெடுக்கென்று பிடுங்குவதும் என் வழக்கம். கணினி "எழுதிவிட்டேன்" என்று சொன்ன பிறகும் சில நேரம் உள்ளே எழுதிக்கொண்டுதான் இருக்குமாம். வீட்டுப்பாடம் முடித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்து அவசரமாக எழுதுவீர்களே, அப்படி. இப்போது இரண்டு டிஸ்க். ஒன்று என் பீரோவில், இன்னொன்று பெங்களூரில் தம்பி மகன் வீட்டில். அவன் கையில் கொடுக்கும்போது அதன் மேல் ஒரு தாள் ஒட்டி, ஃபார்மட் போடாதே என்று சிவப்பு மையில் எழுதித்தான் கொடுத்தேன்.

இன்னொன்று, ஆன்லைனில் ஐந்நூறு அறுநூறு ரூபாய்க்கு ஒரு டெராபைட் பென் டிரைவ் என்று விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். பக்கத்து வீட்டுப் பெண் வாங்கினாள். உள்ளே இருந்தது கொஞ்சமே கொஞ்சம் இடம், பொய்க் கணக்குக் காட்டுகிறது. அது பிழையே சொல்லாது, எழுதினேன் எழுதினேன் என்று சொல்லிவிட்டு ஒன்றும் எழுதாமல் விடும். பிழை சொல்கிற டிஸ்க் எவ்வளவோ யோக்கியம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன 23இல் பெரும்பாலும் ஆண்டு விழாப் படங்கள், இரட்டையாக இருந்தவை, கவலையில்லை. ஆனால் 1991 ஐந்தாம் வகுப்பு குரூப் போட்டோ பாதிதான் வந்திருக்கிறது. பெஞ்சு மேல் ஏறி நிற்கும் கடைசி வரிசைப் பையன்கள் தலை மட்டும் தெரிகிறது. அதற்குக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆசிரியர்கள், தரையில் உட்கார்ந்திருந்த சின்னப் பிள்ளைகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எங்கள் தலைமையாசிரியர் இருந்த ஒரே படம் அது. அன்று ஆளுக்கு ஒரு பிரதி பன்னிரண்டு ரூபாய்க்குக் கொடுத்தோம், பாதிப் பேராவது வாங்கினீர்கள். யார் வீட்டு பீரோவிலாவது, சாமி படத்துக்குப் பின்னாலாவது இருக்கும், தேடிப் பாருங்கள். கிடைத்தால் வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்ப வேண்டாம், அது படத்தைச் சுருக்கிவிடும். டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். ஊர்ப்பக்கம் வருகிறவர்கள் படத்தையே கொண்டுவந்தால் இன்னும் நல்லது, ஸ்கேன் செய்துவிட்டுக் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.