இஞ்சினீயர் டாக்டராகலாமா?

இஞ்சினீயரிங் பட்டம் பெற்ற ஒரு வாலிபன் பின்னர் வைத்தியம் கற்க ஆசைப்பட்டால் நமது தேசத்தில் அவனுக்கு வழி உண்டா? பள்ளியில் உயிரியலை விட்டுக் கணிதத்தை எடுத்துக்கொண்டவனாக அவன் இருந்தால், இல்லை என்பதே சமீப காலம் வரையில் பதிலாக இருந்தது. இப்போது உண்டு என்கிறார்கள். சட்டத்தில் திறந்துவிட்ட கதவு ராமேசுவரத்திலும் பாம்பனிலும் தொண்டியிலும் உள்ள ஏழை மாணாக்கனுக்கு உண்மையிலேயே வழியாகுமா என்பதே நாம் இன்று கேட்க விரும்பும் கேள்வி.

முதலில் விதிகளைப் பார்ப்போம். பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலின் ஏற்பாட்டின்படி, பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரண்டு வகுப்புகளிலும் பௌதிகம், ரசாயனம், உயிரியல் மூன்றையும் ஒழுங்காகப் பள்ளிக்கூடத்துக்குச் சென்று படித்தவர்களுக்கே எம்.பி.பி.எஸ். படிப்பில் இடமுண்டு. பிற்பாடு தனியாக உயிரியல் பரீட்சை எழுதித் தேறினாலும் அது செல்லாது. 2017-ம் வருஷத்தில் வயது வரம்பு ஒன்றும் சேர்ந்தது. பொதுப் பிரிவினருக்கு 25, ஒதுக்கீடு பெற்ற பிரிவினருக்கு 30 என்று அது நின்றது. இருபத்திரண்டு வயதில் இஞ்சினீயராகி, இரண்டொரு வருஷம் உத்தியோகம் பார்த்துவிட்டு மனம் மாறுகிறவனுக்கு இவ்விரண்டும் சேர்ந்து ஒரு பெரிய மதிற்சுவராகிவிட்டன. தனியாக உயிரியல் எழுதியவர்களைத் தள்ளும் விதி செல்லாது என்று டில்லி ஹைகோர்ட் 2018-ல் தீர்ப்பளித்தது. கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவக் கமிஷன் 2022-ல் வயது வரம்பை எடுத்தது. 2023 நவம்பரில் அதே கமிஷன், பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய பின் அங்கீகாரம் பெற்ற பரீட்சை போர்டு மூலம் உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் பரீட்சை எழுதலாம் என்று அறிவித்தது. இந்த அறிவிப்பை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும் வரவேற்பதோடு நம் வேலை தீர்ந்துவிடவில்லை. நீட் பரீட்சையில் 720 மார்க்குகளில் 360 உயிரியலுக்கே உரியவை. இஞ்சினீயரிங் மாணாக்கனுக்குப் பௌதிகம் கைவந்த கலை; வைத்தியத்தையே நாடிப் படித்த பிள்ளைகள் பலர் தடுமாறுவது அந்தப் பாடத்தில்தான். ரசாயனத்தைச் சற்றுத் தூசு தட்டினால் போதும். ஆனால் மீதிப் பாதியை அவன் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ ஆகும். பிறகு எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், ஆஸ்பத்திரிப் பயிற்சி ஒரு வருஷம். இஞ்சினீயரிங்கில் அவன் கழித்த நாலு வருஷங்களுக்கு இந்தக் கணக்கில் ஒரு நாள்கூடத் தள்ளுபடி கிடையாது. பதினெட்டு வயதில் கலாசாலைக்குள் நுழைந்தவன் முப்பதை எட்டும்போதுதான் டாக்டராக வெளியே வருவான். அதுவரை குடும்பத்துக்கு யார் சோறு போடுவது?

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே பள்ளியிலிருந்து நேராக வைத்தியக் கலாசாலைக்குப் போவது பொது வழக்கமல்ல. முதலில் நாலு வருஷம் ஏதேனும் ஒரு பட்டப் படிப்பு. அது இஞ்சினீயரிங்காக இருக்கலாம், சரித்திரமாகவும் இருக்கலாம். குறிப்பிட்ட சில விஞ்ஞானப் பாடங்களையும் முடித்து, வைத்தியக் கலாசாலைப் பிரவேசப் பரீட்சையில் நன்கு தேறினால் எல்லோரும் ஒரே வாசலில் நிற்கலாம். ஆகவே அங்கே இஞ்சினீயரிங் என்பது வைத்தியத்துக்குச் செல்லும் நேர்வழிகளில் ஒன்று. இல்லினாய் சர்வகலாசாலை இஞ்சினீயரிங்கையே அடிப்படையாகக் கொண்ட ஒரு வைத்தியக் கலாசாலையை 2018-ல் தொடங்கியது. நம்மைப் போலவே பள்ளியிலிருந்து மாணாக்கரைச் சேர்க்கும் வழக்கமுள்ள இங்கிலாந்திலுங்கூட, லண்டன் செயின்ட் ஜார்ஜ் வைத்தியக் கலாசாலை 2000-ம் வருஷத்திலேயே பட்டதாரிகளுக்கென்று நாலு வருஷப் படிப்பு ஒன்றை ஏற்படுத்தியது. எதற்கெடுத்தாலும் மேல்நாட்டை உதாரணம் காட்டும் நம் கல்வி அதிகாரிகளுக்கு இந்த ஒரு விஷயம் மட்டும் கண்ணில் படாமல் போனது வியப்பே.

நிற்க, நமது கடற்கரைக்கு வருவோம். கீழக்கரையில் முகம்மது சதக் இஞ்சினீயரிங் கலாசாலை தோன்றியது 1984-ல். ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12-ந் தேதி. தமிழ்நாட்டில் அன்று ஒருங்கே திறந்த பதினொரு கல்லூரிகளில் அதுவும் ஒன்று. இடைப்பட்ட முப்பத்தேழு வருஷ காலம் இந்த ஜில்லாவில் இஞ்சினீயராவதற்குப் பஸ் ஏறிப் போய் மாலையில் வீடு திரும்பலாம். டாக்டராவதற்கு ஜில்லா எல்லையைக் கடந்தே தீரவேண்டும். சிவகங்கைக் கல்லூரியும் 2012-ல்தான் வந்தது. அதற்கு முன்னெல்லாம் அருகில் உள்ளது என்று சொல்வதற்கு 1954-ல் தோன்றிய மதுரைக் கல்லூரிதான். ராமேசுவரத்திலிருந்து மதுரை சுமார் 170 கிலோமீட்டர். கடலுக்குப் போகும் தகப்பனாரின் வருமானத்தில் வளர்ந்த பிள்ளை எந்தப் படிப்பை எட்டக்கூடியதென்று எண்ணியிருப்பான் என்பதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

இதைவிடக் கொடியது, பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் நடப்பது. பதினைந்து வயதுப் பையன் எந்தக் குரூப்பில் சேருகிறான் என்பது அப்போது தீர்மானமாகிறது. கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவு கிடைத்தவனுக்கு இரண்டு கதவும் திறந்திருக்கும். கணிதமும் கம்ப்யூட்டரும் சேர்ந்த பிரிவில் சேர்ந்தவனுக்கு வைத்தியக் கதவு அன்றே மூடிவிட்டது. வீட்டில் படித்தவர் இல்லையென்றால் இந்த வேற்றுமையை அவனுக்கு எடுத்துச் சொல்பவர் யார்? மார்க்கைப் பார்த்தும், காலி இடத்தைப் பார்த்தும், சில சமயம் சிநேகிதன் எங்கே சேர்ந்தான் என்பதைப் பார்த்தும் ஒரு ஜன்மத்தின் போக்கு அரை நாளில் நிச்சயமாகிறது. பட்டணத்து வக்கீலின் பிள்ளைக்கு இந்த ஆபத்து இல்லை. அவனுக்கு ஆலோசனை சொல்லப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

ராமேசுவரத்தின் புதல்வர் அப்துல் கலாம் எந்த வழியாக இஞ்சினீயரானார் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம். திருச்சி செயின்ட் ஜோசப் கலாசாலையில் அவர் கற்றது பௌதிகம். 1954-ல் பட்டம் பெற்ற பிறகுதான் தம் உள்ளம் நாடியது இஞ்சினீயரிங் என்பது அவருக்குத் தெளிவாயிற்று. அந்தக் காலத்தில் குரோம்பேட்டையில் ராஜம் அவர்கள் 1949-ல் நிறுவிய சென்னை தொழில்நுட்பக் கழகம், பி.எஸ்ஸி. பட்டதாரிகளைச் சேர்த்து மூன்று வருஷத்தில் இஞ்சினீயராக்கி வந்தது. பிரவேசத்துக்கு வேண்டிய சுமார் ஆயிரம் ரூபாய்க்காக அவருடைய சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்த செய்தியைத் தமிழர் அனைவரும் அறிவர். வளையலை நினைவில் வைத்துக்கொண்ட நாம் கதவை மறந்துவிட்டோம். பட்டதாரி ஒருவன் தன் துறையை மாற்றிக்கொள்ள இடம் தந்த ஒரு ஸ்தாபனம் இருந்ததனால்தான் அந்த வளையலுக்குப் பலன் கிடைத்தது. பள்ளியிலேயே முடிவு செய்யாதவனுக்குப் பிறகு இடமில்லை என்று அன்று சொல்லியிருந்தால், பேய்க்கரும்பில் இன்று எழும்பி நிற்கும் ஞாபகார்த்த மண்டபத்துக்கு அவசியமே நேர்ந்திராது.

அதே கலாம் இஞ்சினீயரிங்குக்கும் வைத்தியத்துக்கும் இடையே பாலம் கட்டியவரும் ஆவார். ஏவுகணைக்காக உருவாக்கிய லேசான கலவைப் பொருளைக் கண்ட ஹைதராபாத் நிஜாம் ஆஸ்பத்திரியின் எலும்பு வைத்தியர் ஒருவர், மூன்று கிலோவுக்கு மேற்பட்ட இரும்புச் சாதனங்களைக் காலில் கட்டி இழுத்து நடந்த குழந்தைகளை அவருக்குக் காட்டினார். சில வாரங்களில் சுமார் 300 கிராம் எடையில் புதிய சாதனம் தயாராயிற்று. டாக்டர் சோமராஜுவோடு சேர்ந்து இருதய ரத்தக் குழாயில் பொருத்தும் ஸ்டென்ட் ஒன்றையும் உருவாக்கினார். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் ஸ்தாபனத்தில் சத்திர வைத்தியர் வலியத்தானும் இஞ்சினீயர் புவனேசுவரும் சேர்ந்து உழைத்துச் செய்த இருதய வால்வு 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளியின் மார்பில் இயங்கத் தொடங்கியது. உடலைக் குறுக்காகப் படம் பிடிக்கும் ஸி.டி. யந்திரத்தை உண்டாக்கிய ஹௌன்ஸ்ஃபீல்டு வைத்தியப் பட்டம் பெறாத இஞ்சினீயர். 1979-ல் வைத்தியத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் கிடைத்தது.

இவற்றையே காரணமாகக் காட்டி, "இஞ்சினீயர் இஞ்சினீயராகவே இருந்து வைத்தியத்துக்கு உதவட்டுமே" என்று சொல்வோர் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2023-ல் வைத்திய விஞ்ஞானத்துக்கும் இஞ்சினீயரிங்குக்கும் பொதுவான நாலு வருஷப் படிப்பு ஒன்றைத் தொடங்கியதையும் எடுத்துக்காட்டுவார்கள். நல்ல முயற்சிதான். ஆனால் யந்திரம் செய்ய விரும்புகிறவன் வேறு, நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்க்க விரும்புகிறவன் வேறு. பின்னவனிடம் முன்னதைக் கொடுத்துத் திருப்திப்படச் சொல்வது நியாயமல்ல.

மற்றோர் ஆட்சேபம், பொதுப் பணம் இரண்டு தடவை செலவாகிறது என்பது. இது கனமான ஆட்சேபமே. ஆயினும் தமிழ்நாட்டு இஞ்சினீயரிங் கலாசாலைகளில் வருஷந்தோறும் ஆயிரக்கணக்கான இடங்கள் காலியாகக் கிடக்கின்றன. அங்கே படித்துவிட்டு வந்தவன் யாருடைய இடத்தையும் பறித்தவனல்ல. ரத்த ஓட்டத்தின் அழுத்தத்தையும் இருதயத்தின் மின் அசைவையும் கேட்டவுடன் புரிந்துகொள்ளக்கூடிய ஒருவன் உடற்கூறு வகுப்பில் வந்து உட்காருவது அந்த வகுப்புக்கு லாபமேயொழிய நஷ்டமல்ல.

ஒன்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். டாக்டராக வேண்டுமென்ற எண்ணம் பதினைந்து வயதிலேயே உள்ள பையன், அமெரிக்காவைப் பார்த்து இங்கேயும் முதலில் இஞ்சினீயரிங் படிக்கலாம் என்று கிளம்புவானாகில் அது தற்கொலைக்கு ஒப்பாகும். இந்தியாவில் அது சுற்றுவழி. அதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. அவன் உயிரியலை எடுத்துக்கொண்டு நேராகப் போகட்டும். நாம் வழக்காடுவது தெரியாமல் திசை தப்பியவனுக்காகவும், தாமதமாகத் தன் மனத்தை அறிந்தவனுக்காகவும்.

அவர்களுக்குச் சர்க்கார் செய்யக்கூடியவை அதிகச் செலவு பிடிப்பவையல்ல. உயிரியலைக் கூடுதல் பாடமாக எழுதுகிறவர்களுக்கு ராமநாதபுரத்திலும் ராமேசுவரத்திலும் பள்ளிச் சோதனைச் சாலைகளை மாலை வேளையில் திறந்துவிட்டு, ஓர் ஆசிரியரையும் நியமிக்கலாம். சர்க்கார் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு வைத்தியக் கல்லூரிகளில் நூற்றுக்கு ஏழரை இடங்களை ஒதுக்கி 2020-ல் சட்டம் வந்தது. 2021-ல் இஞ்சினீயரிங்குக்கும் அதைப் போன்ற ஒதுக்கீடு ஏற்பட்டது. பின்னதால் இஞ்சினீயரானவன் முன்னதன் பயனை இழக்கமாட்டான் என்று ஐயத்துக்கு இடமின்றி ஓர் உத்தரவு பிறப்பித்தால் எத்தனையோ பேருக்குத் தைரியம் பிறக்கும்.

மருத்துவக் கமிஷனிடம் நாம் கேட்பது இன்னும் பெரிது. பட்டதாரிகளுக்கென்று சுருக்கமான வைத்தியப் படிப்பு ஒன்றைப் பரீட்சார்த்தமாகவேனும் ஒரு கல்லூரியில் தொடங்கிப் பார்க்க வேண்டும். பின்தங்கிய ஜில்லா என்று மத்திய சர்க்காரே 2018-ல் விசேஷ கவனத்துக்குத் தேர்ந்தெடுத்த ராமநாதபுரத்தைவிட அதற்கு ஏற்ற இடம் நமக்குத் தோன்றவில்லை. அதில் சேருகிறவர்கள் தேறியபின் சில வருஷங்கள் மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் தொண்டியிலும் வேலை செய்யவேண்டுமென்று நிபந்தனை போடட்டும், யாரும் மறுக்கமாட்டார்கள்.

இவை கைகூடும் வரை காத்திராமல் ஜில்லாக் கல்வி அதிகாரிகள் உடனே செய்யத்தக்க காரியம் ஒன்றுண்டு. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவுகள் வெளியாகும் முன்பே, கடலோரப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் பெற்றோரை அழைத்து, எந்தப் பிரிவில் சேர்ந்தால் எந்தக் கதவு மூடும் என்பதைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளில் அவர்கள் கையில் கொடுக்கட்டும். படிக்கத் தெரியாத பெற்றோருக்கு ஆசிரியர்களே உரக்கப் படித்துக் காட்டட்டும்.