மீண்டவர் சொல்லும் கதை



குடியிலிருந்தும் போதையிலிருந்தும் மீண்டவர்கள் எழுதும் தன்வரலாறுகளைத் தேடிப் படிக்கும் வாசகர்கள் உண்டு. நாளையாவது நிறுத்திவிட முடியுமா என்று தவிப்பவர்கள், அவர்களுடைய மனைவிமார்கள், பெற்ற தாய்மார்கள். வழி கேட்டு வந்து நிற்கும் இவர்களிடம் பொய் சொல்லலாமா என்பதுதான் இந்த இதழில் உங்களோடு பேச நினைத்தது.

அமெரிக்க எழுத்தாளர் ஜேம்ஸ் ஃப்ரேயின் ‘எ மில்லியன் லிட்டில் பீசஸ்’ 2003-இல் வெளிவந்தது. போதையில் சீரழிந்த இளைஞன் ஒரு மறுவாழ்வு மையத்தில் மீண்டெழும் கதை. உண்மைக் கதை என்றே விற்கப்பட்டது. 2005-இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் ஓப்ரா வின்ஃப்ரே தன் புத்தக மன்றத்துக்கு அதைத் தேர்ந்தெடுக்க, லட்சக்கணக்கான பிரதிகள் போயின. 2006 ஜனவரியில் ‘தி ஸ்மோக்கிங் கன்’ இணையதளம் காவல்துறைப் பதிவுகளைத் தேடி எடுத்தது. ஃப்ரே எழுதியிருந்த சுமார் மூன்று மாதச் சிறைவாசம், உண்மையில் காவல் நிலையத்தில் கழிந்த சில மணி நேரம்! அந்த மாதமே ஓப்ரா தன் நிகழ்ச்சியில் அவரை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். பலவற்றை மாற்றி எழுதியதை ஃப்ரே ஒப்புக்கொண்டார். ஏமாந்த வாசகர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரப் பதிப்பகம் முன்வந்தது.

சிறைவாசத்தை மிகைப்படுத்தியதைக்கூட மன்னித்துவிடலாம். மனத்தை உறுத்துவது வேறொரு காட்சி. போதைமீட்புச் சிகிச்சையில் இருந்ததால் மரப்பு ஊசி போடாமலே தன் பற்களுக்கு வேர் சிகிச்சை செய்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். மறுவாழ்வு மையத்தில் இருக்கிறார் என்பதற்காக மரப்பு ஊசியை மறுப்பது வழக்கமில்லை. இன்றைக்கோ நாளைக்கோ மையத்தில் சேரலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பவர் இதைப் படித்தால் வாசல்படி ஏறுவாரா? மன உறுதி ஒன்றே போதும், மீள முயல்பவர்கள் கூடிப் பேசும் குழுக் கூட்டங்கள் தேவையில்லை என்பதும் அந்தப் புத்தகத்தின் போதனை. நெடுநாள் குடித்தவர் மருத்துவர் துணையின்றித் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மன உறுதி மட்டும் அங்கே காப்பாற்றாது.

இதற்கு மாறாக ஒருவர் எழுதினார். நியூயார்க் டைம்ஸ் செய்தியாளராக இருந்த டேவிட் கார். கொக்கெயினுக்கு அடிமையாகிக் கிடந்து மீண்டவர். தன் கதையை எழுதத் தொடங்கியபோது தன் நினைவையே அவர் நம்பவில்லை. பழைய நண்பர்களையும் உறவினர்களையும் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தார்; காவல்துறை, மருத்துவப் பதிவுகளைப் புரட்டினார். ஓர் இரவில் நண்பன் தன்னைத் துப்பாக்கி காட்டி விரட்டியதாக அவர் பல்லாண்டு நம்பிக்கொண்டிருந்தார். போய்க் கேட்டால், அன்று துப்பாக்கி உன் கையில்தான் இருந்தது என்றான் நண்பன். அதையும் அப்படியே எழுதி 2008-இல் ‘தி நைட் ஆஃப் தி கன்’ என்று வெளியிட்டார். போதை உடம்பை மட்டுமல்ல, ஞாபகத்தையும் புரட்டிவிடும் என்பதை இதைவிடத் தெளிவாக ஒருவர் காட்ட முடியாது.

எழுத்தில் அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அடுத்தவர் மானம் காக்கப் பெயரை மாற்றலாம். பத்து நாள் பேச்சை ஒரு பேச்சாகச் சுருக்கலாம். மாற்றியிருக்கிறேன் என்று முன்னுரையில் ஒரு வரி சொல்லிவிட்டால் வாசகர் புரிந்துகொள்வார். பட்ட பாட்டைப் பெரிதாக்குவதும், கிடைத்த உதவியை மறைப்பதும்தான் கூடாது. படிப்பவர் தன்னை அந்த நாயகனோடு ஒப்பிட்டு, இவ்வளவு வைராக்கியம் நமக்கேது என்று சோர்ந்துபோவார்.

இந்தப் பாதையில் நடந்து வந்த வாசகர்களே, உங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள். கை நடுங்கியது, மறுபடி சறுக்கி விழுந்தது, யாரோ ஒருவர் கூடவே வந்து மருத்துவமனையில் சேர்த்தது: இவை போதும். நினைவில்லாததை நினைவில்லை என்றே எழுதுங்கள். சாகசம் இல்லையே என்று தயங்க வேண்டாம். சாதாரண மனிதர் ஒருவர் பிறர் துணையோடு மீண்டார் என்பதுதான், இன்று தவித்துக்கொண்டிருப்பவர் நம்பிப் பின்பற்றக்கூடிய செய்தி.

அன்புடன்,
ஆசிரியர்