மனோரா இருக்க புர்ஜ் கலீஃபா எதற்கு?

பேராவூரணிப் பிள்ளைக்கும் துபாயில் நிற்கும் புர்ஜ் கலீஃபாவுக்கும் என்ன சம்பந்தம்? தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்துவிட்டது, வயிறும் எரிகிறது.

அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சாயங்காலம் ஆனால் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வுக்குப் பணம் கட்டிய பிள்ளைகள் பேசிப் பழகுவதற்காக வீட்டுக்கு வருவார்கள். பாதிக்கு மேல் பி.எஸ்சி. நர்சிங் முடித்த பெண்கள். இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குப் பதிவு செய்ய, இந்தத் தேர்வை எழுதினால் பேச்சில் 7 வாங்கியே ஆக வேண்டும். கேட்பதிலும் படிப்பதிலும் 7, எழுதுவதில் மட்டும் 6.5 இருந்தால் போதும். மீதிப் பேர் சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பி, அடுத்து கனடாவா நியூசிலாந்தா என்று கணக்குப் போடும் பையன்கள்.

பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். முதலில் ஊர், வீடு, படிப்பு என்று பொதுவாக விசாரிப்பார்கள். அப்புறம் ஒரு அட்டையும் பென்சிலும் பேப்பரும் கொடுத்து ஒரு நிமிடம் யோசிக்கச் சொல்வார்கள். யோசித்ததை இரண்டு நிமிடம் வரை பேச வேண்டும். கடைசியில் அந்த அட்டையில் இருக்கும் விஷயத்தை ஒட்டியே நாலைந்து நிமிடம் கேள்வி கேட்பார்கள். அட்டைகளில் ஒன்றுதான் உயரமான கட்டடம். உங்கள் ஊரில் உங்களுக்குப் பிடித்த அல்லது பிடிக்காத ஓர் உயரமான கட்டடத்தைப் பற்றிச் சொல்லுங்கள், அது எங்கே இருக்கிறது, பார்க்க எப்படி இருக்கும், எதற்குப் பயன்படுகிறது, ஏன் பிடிக்கும் அல்லது பிடிக்காது. இவ்வளவுதான். நல்ல கேள்வி. இத்தனை அடிக்கு மேல் இருக்க வேண்டும் என்று அதில் இல்லை. உலக அதிசயமாக இருக்க வேண்டும் என்றும் இல்லை. உங்கள் ஊர் என்று தெளிவாகப் போட்டிருக்கிறது.

ஆனால் என்னிடம் வரும் பிள்ளைகள் எல்லாருக்கும் சொந்த ஊர் துபாய்.

போன வாரம் ஒரு பெண்ணிடம் இந்த அட்டையைக் கொடுத்தேன். பென்சிலைத் தொடக்கூட இல்லை. கண்ணை உத்திரத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். கட்டடக் கலையின் அதிசயம், துபாயின் மகுடம், 828 மீட்டர், 163 மாடி, 2010 ஜனவரியில் திறப்பு விழா. மூச்சே விடவில்லை. அதற்கு முதல் நாள் வேறொரு பிள்ளை ஒப்பித்த அதே வரிகள். இடையில் யோசிப்பதுபோல ஒரு நிறுத்தம் வருமே, அதுவும் அதே இடத்தில். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"துபாய் போயிருக்கியாம்மா?"

"இல்ல சார்."

"சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"இல்ல சார். சென்டர்ல இதத்தான் குடுத்தாங்க."

"அப்பா என்ன வேலை பாக்குறாரு?"

"சென்ட்ரிங் வேலை சார்."

என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. அப்பா உயரமான கட்டடத்தில் வேலை பார்த்திருக்கிறாரா என்று தமிழில் கேட்டேன். அவ்வளவுதான், அந்தப் பெண் கொட்டித் தீர்த்துவிட்டாள். பள்ளிக்கூட லீவில் சென்னையில் அப்பா அம்மா வேலை பார்த்த அடுக்குமாடியின் அடிவாரத்தில், தகரக் கொட்டகையில் தங்கியிருக்கிறாள். லிஃப்ட் வைக்காத கட்டடம். பதினோராவது மாடிக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு கைப்பிடி இல்லாத படியில் ஏறியிருக்கிறாள். பலகைக்கு ஆயில் தடவி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு முடித்த அன்றைக்கு அப்பா தூங்கவே மாட்டாராம். "ராத்திரி டார்ச் அடிச்சு முட்டு ஒவ்வொண்ணையும் தட்டித் தட்டிப் பாப்பாரு சார். சத்தம் மாறினா ஆப்பு வச்சு இறுக்குவாரு." மறுநாளே தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும், அது அவள் வேலை. அம்மா சித்தாள். மேல் மாடியில் வேலை என்றால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டாராம். கழிப்பறை கீழே மட்டும்தான், அதற்காக ஒவ்வொரு தடவையும் இறங்கி ஏற மேஸ்திரி விட மாட்டார். "அந்த பில்டிங்க எனக்குப் புடிக்காது சார்" என்றாள்.

பிடிக்காத கட்டடம். அட்டையில் அப்படியே இருக்கிறது.

"இதையே இங்கிலீஷ்ல சொல்லும்மா" என்றேன். தப்புத் தப்பாக வரும் என்று தயங்கினாள். வரட்டும் என்றேன். சொன்னாள். இறந்தகாலமும் நிகழ்காலமும் சில இடங்களில் கலந்தன. முட்டு என்பதற்கு வார்த்தை கிடைக்காமல், கான்கிரீட்டுக்கு அடியில் தாங்கி நிற்கிற கம்பம் என்று எளிய சொற்களில் விளக்கிவிட்டு மேலே போனாள். அப்படி வார்த்தை தெரியாத இடத்தைச் சமாளித்துக் கடந்து போவதற்கும் அந்தத் தேர்வில் மதிப்பு உண்டு. அம்மா தண்ணீர் குடிக்காததைச் சொல்லும்போது குரல் இறங்கியது, மேஸ்திரியைப் பற்றிச் சொல்லும்போது ஏறியது. பேசுவது என்றால் இது. தடையில்லாமல் கோவையாகப் பேசுவது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்று நாலு விஷயத்துக்குத்தான் அங்கே மதிப்பெண். நாலுக்கும் சம பங்கு. எந்தக் கட்டடத்தைச் சொன்னீர்கள், எத்தனை மீட்டர் என்பதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. வெள்ளைக்காரன் மாதிரிப் பேச வேண்டும் என்றும் கிடையாது, புரியும்படி பேசினால் போதும்.

மனப்பாடம் செய்து ஒப்பித்தால் தேர்வாளருக்குத் தெரியாதா? அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்குப் பயிற்சியே கொடுக்கிறார்கள். தெரியாவிட்டாலும் அடுத்த நாலைந்து நிமிடம் காட்டிக் கொடுத்துவிடும். மகுடம், அதிசயம் என்று முழங்கிய பிள்ளையிடம், உயரமான கட்டடத்தில் குடியிருப்பது நல்லதா, வயசானவர்களுக்கு அது ஒத்துவருமா, பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டலாமா என்று கேட்பார்கள். அங்கே வாய் கட்டிப்போகிறது. உயரமான கட்டடங்கள் பாதுகாப்பானவைதானா என்று நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் மாதம் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடி சரிந்து 61 பேர் செத்தார்களே, அதில் பெரும்பாலானவர்கள் அங்கே வேலை பார்த்தவர்கள். சென்ட்ரிங்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அது மறக்கிற செய்தியா? ஆனாலும் சொல்ல வருவதில்லை. "நெகட்டிவா பேசக்கூடாதுன்னு சொல்லிருக்காங்க சார்."

யார் சொன்னது? எந்த விதியில் இருக்கிறது? எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். பிள்ளைகள் தானாக இப்படி ஆகவில்லை. பணம் வாங்கிக்கொண்டு கோச்சிங் சென்டர்காரர்கள் இப்படி ஆக்குகிறார்கள்.

தலைப்புகள் நாலு மாதத்துக்கு ஒரு தடவை மாறும் என்று சொல்லி, மாறின உடனே புதுப் பட்டியல் என்று ஒரு பி.டி.எஃப். வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு பதில். உயரமான கட்டடமா, புர்ஜ் கலீஃபா. பழைய கட்டடமா, தாஜ் மகால். ஒரு வகுப்பில் முப்பது பேர் என்றால் முப்பது பேருக்கும் அதே பதில். ஒரே ஊரில் ஒரே நாளில் தேர்வுக்குப் போகிற பத்துப் பேர் ஒரே தேர்வாளரிடம் புர்ஜ் கலீஃபாவைச் சொன்னால் அவர் என்ன நினைப்பார் என்று இந்தச் சென்டர்காரர்கள் ஒரு நிமிடமாவது யோசித்தார்களா?

அந்தக் கட்டடத்தைப் பற்றியாவது உருப்படியாகச் சொல்லிக் கொடுக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. கோடை வெயிலில் கான்கிரீட் சீக்கிரம் இறுகி வெடித்துவிடும் என்று, ராத்திரியில் ஐஸ் கலந்து போட்டார்கள் அங்கே. 600 மீட்டர் உயரத்துக்குப் பம்ப் வைத்துக் கான்கிரீட் ஏற்றினார்கள். ஏற்றியவர்களில் ஏராளமானவர்கள் நம்மைப் போன்ற தெற்காசியத் தொழிலாளிகள். இதை அந்தப் பெண்ணிடம் சொன்னபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "ஐஸா சார்? எங்கப்பா விடியக்காலையில ஆரம்பிச்சு வெயில் ஏர்றதுக்குள்ள முடிப்பாரு" என்றாள். பாருங்கள், ஒரு நொடியில் அவளுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் சம்பந்தம் வந்துவிட்டது. பி.டி.எஃப். பதிலில் இதில் ஒரு வரி உண்டா? மகுடமும் அதிசயமும்தான் இருக்கிறது.

சொந்தக் கட்டடத்துக்கு எங்கள் ஜில்லாவில் பஞ்சமா? தஞ்சாவூர்ப் பெரிய கோயில் விமானம் 200 அடிக்கு மேல். ராஜராஜன் 1010 வாக்கில் முடித்தது, கல்லின் மேல் கல்லை அடுக்கி ஆயிரம் வருஷம் தாண்டி நிற்கிறது. பக்கத்தில் மலை கிடையாது, அவ்வளவு கல்லும் வெளியிலிருந்து வந்தது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது சுற்றுலா என்று போய்ப் புளியோதரை சாப்பிட்டுவிட்டு அண்ணாந்து பார்க்காத பிள்ளை இந்தப் பக்கம் இல்லை. "அது கோயில் சார், ரிலீஜியஸ் டாபிக் எடுக்காதேன்னாங்க" என்கிறார்கள். கோயில் கட்டடமில்லாமல் வேறு என்ன?

சரி, கோயில் வேண்டாம். சேதுபாவாசத்திரம் பக்கத்தில் கடலோரம் மனோரா இருக்கிறதே. எட்டு மாடி, அறுகோணக் கட்டடம். நெப்போலியனை ஆங்கிலேயர்கள் வென்றதற்காக 1814ல் இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டியது. இங்கிலாந்து ஜெயித்ததற்காக எங்கள் கடற்கரையில் எழுந்த கோபுரம்! இங்கிலாந்துக்கு நர்ஸாகப் போக நினைக்கும் பெண், தேர்வாளர் முன்னால் உட்கார்ந்து பேச இதைவிட என்ன வேண்டும்? உயரம் 75 அடிதான். அந்த வெட்டவெளியில் அது உயரம்தான். ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய் நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்ற இடம் அது. எந்தப் படி உடைந்திருக்கிறது, மேலிருந்து பார்த்தால் படகு எப்படித் தெரியும் என்று நூறு விஷயம் அவளுக்குச் சொல்ல இருக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை எப்படி இருந்தது என்று வீட்டில் கேட்டு வைத்திருப்பாள். ஒருத்தியும் சொல்வதில்லை. சொல்லலாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

சிங்கப்பூர்ப் பையன் ஒருவன். ஐம்பது மாடிக்கு மேல் கயிற்றுத் தொட்டிலில் தொங்கிக் கண்ணாடி துடைத்தவன். காற்று அடித்தால் தொட்டில் எப்படி ஆடும், எந்த வேகத்துக்கு மேல் காற்று வந்தால் வேலையை நிறுத்தச் சொல்வார்கள், உள்ளே ஏசியில் உட்கார்ந்திருக்கிற குழந்தை கண்ணாடியில் கை வைத்துச் சிரிக்கும் என்றெல்லாம் என்னிடம் சொன்னான். உயரத்தைப் பற்றிப் பேச இவனைவிடத் தகுதியான ஆள் யார்? அவனும் கையில் புர்ஜ் கலீஃபாவைத்தான் வைத்திருந்தான். தான் பார்த்த வேலையைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று நினைக்கிறான். கூலிக்காரன் என்று தெரிந்துவிடுமாம். அதைக் கேட்டபோது அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இந்தப் பயத்துக்குச் சென்டர்காரர்களை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. பன்னிரண்டு வருஷம் ஆங்கிலம் என்றால் கைடில் இருக்கும் கட்டுரை என்றுதானே பழக்கியிருக்கிறோம். லாங் கொஸ்டின், ஷார்ட் கொஸ்டின், பாரகிராஃப், எல்லாம் உருப்போட்டு எழுதினால் பாஸ். உன் வீட்டுப் பின்னால் என்ன மரம் நிற்கிறது, ஆங்கிலத்தில் சொல் என்று கேட்கிற வகுப்பு எத்தனை பள்ளியில் நடக்கிறது?

ஆங்கிலமே வராத பிள்ளைக்கு ஒரு பதிலைக் கையில் கொடுக்காமல் என்ன செய்வது என்று கேட்பார்கள். வார்த்தைகளைக் கொடுங்கள். மாடி, படி, சாரம், தூண், உயரம், காற்று, பயம், இவற்றுக்கெல்லாம் ஆங்கிலத்தில் என்ன என்று கொடுங்கள். அதை வைத்து அவளுடைய கட்டடத்தை அவளே கட்டிக்கொள்வாள். முழுப் பதிலையும் கொடுப்பது நீச்சல் பழக வந்தவனைத் தோளில் தூக்கிக் கரை சேர்க்கிற மாதிரி. அடுத்த தடவை தண்ணீரில் இறங்கினால் மூழ்குவான்.

தேர்வுக் கட்டணம் ஒரு தடவைக்கு 17,000 ரூபாய்க்கு மேல். சென்ட்ரிங் வேலைக்காரர் எத்தனை நாள் கூலியைச் சேர்த்தால் அது வரும் என்று பாருங்கள். பேச்சில் 6.5 வந்தால், அரை மதிப்பெண்ணுக்காகத் திரும்பவும் பணம், திரும்பவும் காத்திருப்பு. வாங்கிய மதிப்பெண்ணும் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும். அதற்குள் சம்பந்தம் பேச ஆள் வந்துவிடும், வீட்டில் பொறுமை போய்விடும், அந்தப் பெண் உள்ளூர் நர்சிங் ஹோமில் சொற்பச் சம்பளத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவாள். இப்படி நின்றுபோன பெண்களை எனக்குத் தெரியும்.

பணம் வாங்கியவர்களில் ஒருவரிடம் போனில் கேட்டேன். "சார், ஸ்டூடண்ட் சொந்தமா பேசினா ரிஸ்க் சார், எங்க ரிசல்ட் பாதிக்கும்" என்றார். உங்கள் ரிசல்ட்டா, பிள்ளையின் ரிசல்ட்டா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

பெற்றோர்களுக்குச் சொல்கிறேன். சென்டரில் பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள். என் பிள்ளை தினமும் எத்தனை நிமிடம் பேப்பரைப் பார்க்காமல் பேசும், யார் உட்கார்ந்து கேட்பார்கள்? இதற்கு நேரான பதில் வராமல் மெட்டீரியல் கொடுப்போம், பி.டி.எஃப். கொடுப்போம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். எங்கள் வீடு சாயங்காலம் ஐந்து மணியிலிருந்து திறந்துதான் இருக்கிறது. இந்தத் தடவை வந்த பட்டியலிலும் உயரமான கட்டடம் இருக்கிறதாம், பிள்ளைகள் வரட்டும்.