எண்டோமெட்ரியோசிஸ் வலிக்குக் கஞ்சா மருந்து: இந்தியச் சட்டம் அனுமதிப்பது எதை?

புதுதில்லி: எண்டோமெட்ரியோசிஸ் நோயால் தீராத இடுப்புவலியுடன் வாழும் பெண்கள், கஞ்சாச் செடியிலிருந்து தயாரிக்கப்படும் மருந்துகளை இந்தியாவில் சட்டப்படி பெற முடியுமா? முடியும் என்பதே விடை. ஆனால், அந்த அனுமதி நோயின் கடுமையையோ மருந்தின் பயனையோ கருதி வழங்கப்பட்டதன்று. செடியின் எந்தப் பகுதி சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது என்பதைப் பொறுத்தே அது அமைந்துள்ளது.

கருப்பையின் உட்சவ்வை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வதே இந்நோய். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, கருவுறும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 19 கோடி பேர், இதனால் பாதிக்கப்பட்டுள்ளனர். முற்றிலும் குணப்படுத்தும் சிகிச்சை இல்லை. ஹார்மோன் மாத்திரைகளை உடல் ஏற்காதவர்களும், அறுவை சிகிச்சைக்குப் பிறகும் வலி திரும்பியவர்களும் மாற்று வழி தேடுவது இயல்பே.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், செடியின் பூத்த அல்லது காய்த்த நுனிகளையே 'கஞ்சா' என வரையறுக்கிறது. பிரித்தெடுக்கப்பட்ட பிசின் 'சரஸ்' எனப்படுகிறது. நுனிகளுடன் சேராத இலையும் விதையும் இந்த வரையறைக்கு வெளியே நிற்கின்றன. ஹோலி, சிவராத்திரி நாள்களில் வட இந்தியாவில் அருந்தப்படும் 'பாங்' இந்த இலையிலிருந்து தயாராவதுதான். பாங் வைத்திருந்ததாகத் தொடரப்பட்ட வழக்கு ஒன்றில், அது இச்சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்ட பொருள் அல்ல எனக் கூறி கர்நாடக உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் பிணை வழங்கியது.

ஆயுர்வேத நிறுவனங்கள் 'விஜயா' என்ற பழம்பெயரில் எண்ணெயும் மாத்திரையும் விற்பதற்கு இந்த இடைவெளியே வழிவகுத்தது. மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் விதிகளின் இ(1) அட்டவணை, இச்செடியை நச்சுத்தன்மை கொண்ட மூலப்பொருள்களில் ஒன்றாகப் பட்டியலிடுகிறது. அதனால், மருத்துவ மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை அத்தகைய மருந்துகளின் உறையில் இடம்பெற வேண்டும்.

சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. 'சரஸ்' என்பதன் வரையறை, பிசினின் செறிவூட்டப்பட்ட தயாரிப்புகளையும் உள்ளடக்கியது. எனவே, ஒரு புட்டியில் உள்ள சாறு இலையிலிருந்து எடுக்கப்பட்டதா, பூ நுனியிலிருந்து எடுக்கப்பட்டதா என்பதே அது மருந்தா, குற்றப்பொருளா என்பதைத் தீர்மானிக்கக்கூடும். வாங்கும் பெண் அதை எவ்வாறு சரிபார்ப்பார்? மத்திய சட்டம் விட்டுவைத்த இலையும் எல்லா மாநிலங்களிலும் ஒரே நிலையில் இல்லை. மகாராஷ்டிரத்தில் மதுவிலக்குச் சட்டத்தின்கீழ் அதற்கு உரிமம் தேவை. அசாமில் 1958-ஆம் ஆண்டிலேயே பாங்கைத் தடைசெய்யும் தனிச்சட்டம் இயற்றப்பட்டது.

இத்தகைய குழப்பத்தைத் தீர்த்த முன்னுதாரணம் நம்மிடமே உள்ளது. புற்றுநோய் வலிக்கான மார்ஃபினைப் பெற மருத்துவமனைகள் ஒருகாலத்தில் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபட்ட உரிமங்களுக்காக அலைந்தன. 2014-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் 'அத்தியாவசியப் போதை மருந்துகள்' என்ற புதிய பிரிவை உருவாக்கி, நாடு முழுவதற்கும் ஒரே நடைமுறையைக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு அறிவிக்கப்பட்ட ஆறு மருந்துகளும் ஓபியாய்டு வகையைச் சேர்ந்தவை. கஞ்சா சார்ந்தது எதுவும் அவற்றில் இல்லை.

அவ்வாறு சேர்க்கும் அளவுக்குச் சான்று உள்ளதா என்று கேட்டால், எண்டோமெட்ரியோசிஸைப் பொறுத்தவரை இன்னும் இல்லை என்றே சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 484 பெண்களிடம் நடத்தப்பட்டு அதிகம் மேற்கோள் காட்டப்படும் இணையவழி ஆய்வில், 13 சதவீதத்தினர் நோய் அறிகுறிகளைச் சமாளிக்கக் கஞ்சாவைப் பயன்படுத்துவதாகத் தெரிவித்தனர். வலி குறைந்ததற்கு அவர்கள் அளித்த சராசரி மதிப்பெண் 10-க்கு 7.6. கவனிக்கத்தக்க எண்தான். எனினும், இது பயன்படுத்தியவர்களே கூறிய மதிப்பீடு. போலி மருந்துடன் ஒப்பிட்ட சோதனை அன்று.

சட்டம் திறந்தால் மருந்து கிடைத்துவிடும் என்பதும் உறுதியில்லை. பிரிட்டனில் 2018 நவம்பர் 1 முதல் சிறப்பு மருத்துவர்கள் கஞ்சா மருந்துகளைப் பரிந்துரைக்கலாம். ஆனால், அந்நாட்டின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், நாள்பட்ட வலிக்கு டிஎச்சி கொண்ட மருந்துகளை வழங்க வேண்டாம் என்றும், சிபிடியை மருத்துவ ஆய்வின் பகுதியாக மட்டுமே வழங்கலாம் என்றும் 2019-இல் கூறியது. விளைவாக, அரசு மருத்துவச் சேவையில் இத்தகைய மருந்து அரிதாகவே கிடைக்கிறது. பணம் செலவிடக்கூடியவர்கள் தனியார் மருத்துவமனைகளை நாடுகின்றனர்.

விற்பனை விளம்பரங்களில் அதிகம் பேசப்படாத மற்றொன்றும் உண்டு. இந்நோயாளிகளில் பலர் கருத்தரிக்க முயல்பவர்கள். கர்ப்பக் காலத்திலும் பாலூட்டும் காலத்திலும் கஞ்சாவைத் தவிர்க்குமாறு மருத்துவ அமைப்புகள் அறிவுறுத்துகின்றன. ஆகவே, மருந்தைப் பரிந்துரைப்பவருக்கு நோயாளியின் மகப்பேறு சிகிச்சை விவரம் தெரிந்திருப்பது அவசியம். இணையவழியில் சில நிமிடங்கள் நடக்கும் ஆலோசனையில் அது எந்த அளவுக்குச் சாத்தியம் என்பது ஐயமே.

1961-ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கையில் மிகக் கடுமையான நான்காம் அட்டவணையிலிருந்து கஞ்சாவை நீக்க 2020 டிசம்பரில் நடைபெற்ற வாக்கெடுப்பில் இந்தியா ஆதரவாக வாக்களித்தது. ஜம்முவிலுள்ள சிஎஸ்ஐஆர் ஆய்வு நிறுவனம் கனடா நிறுவனம் ஒன்றுடன் இணைந்து கஞ்சா மருந்து ஆய்வுத் திட்டத்தை நடத்துகிறது. நரம்புக் கோளாறுகள், புற்றுநோய், வலிப்பு ஆகியவற்றுக்கான மருந்துகளே இலக்கு என மத்திய அரசு 2023-இல் அறிவித்தது. எண்டோமெட்ரியோசிஸ் அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை.