மருமகன் வாங்கும் கப்பல்

கரவெட்டியில் கடல் இல்லை. கிணறு உண்டு, புகையிலைத் தோட்டம் உண்டு, பனங்கூடல் உண்டு. மாரிகாலத்தில் வாடைக்காற்று வலுக்கும் இரவுகளில், வடக்கே கடல் இரைவது பாயிற் கிடப்பவனுக்குக் கேட்பதும் உண்டு. அதற்கப்பால் எனக்கும் கடலுக்கும் யாதொரு உறவுமில்லை. என் கடற்பிரயாணமெல்லாம் குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகும் மோட்டார்ப் படகோடு முடிந்துவிட்டது. அத்தகைய ஒருவன் சமுத்திரம் தாண்டும் பாய்க்கப்பல் வாங்குவதைப்பற்றி எழுதப் புகுவது நகைப்புக்கிடமானதுதான். எழுத நேர்ந்த காரணத்தை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

இங்கிலாந்தின் தென்கரைப் பட்டினமொன்றில் உத்தியோகம் பார்ப்பவன் என் தமக்கையின் மகன். பன்னிரண்டு வருடங்களாகச் சேர்த்த பணத்தில் பழைய பாய்ப்படகொன்றை வாங்கப் போவதாகச் சென்ற மாதம் அவன் தாய்க்குத் தெரிவித்தான். வீடல்ல, காணியல்ல, படகு! முப்பத்தெட்டு அடி நீளம், ஐம்பது வருடங்களுக்கு முன் கட்டப்பட்டது, விலையோ மலிவு. "ஒரு நாளைக்கு உதிலதான் காலித் துறைமுகத்துக்கு வந்து நங்கூரம் போடுவன் மாமா" என்று என்னிடமும் சொன்னான்.

அன்று மாலையே தமக்கை என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தாள். "தம்பி, நீ எழுதினாக் கேப்பான். உந்த விசர் வேலையை விடச் சொல்லு" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. 1987-ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வடமராட்சியில் இராணுவ நடவடிக்கை தொடங்கியபோது, அவன் ஏழு மாதக் குழந்தை. பத்து நாட்கள் கழித்து ஓரிரவில், அவனை மார்போடு சேலைத் தலைப்பாற் கட்டிக்கொண்டு, வேதாரணியக் கரைக்குப் போகும் படகொன்றில் அவள் ஏறினாள். பத்துப்பேருக்கான படகில் முப்பதுபேர். நடுக்கடலில் நீர் ஏறத் தொடங்கிற்று. குழந்தைக்கென்று கொண்டுவந்த பால்மாப் பேணியைத் திறந்து, மாவைச் சேலையிற் கொட்டி முடிந்துகொண்டு, விடியுமட்டும் அந்தப் பேணியால் அவள் நீர் இறைத்தாள். கடல் என்றால் இன்றும் அவளுக்கு அந்தப் பேணியின் சத்தந்தான். அன்று அவள் படகைப் பார்த்து ஏறவில்லை. பார்க்க நேரமிருக்கவில்லை, ஏறினாள், அவ்வளவே. அந்தக் குழந்தை இன்று தானாகவே பணங்கொடுத்துப் பழைய படகொன்றில் ஏறப்போகிறேன் என்றால் தாய் மனம் என்ன பாடுபடும்?

இருந்தும் அவனை மறித்து எழுத என் கை வரவில்லை. அதற்கு வல்வெட்டித்துறைதான் காரணம்.

எங்கள் ஊரிலிருந்து சைக்கிளில் அரைமணி நேரத் தூரத்திலுள்ள அந்தத் துறையிற் கட்டப்பட்ட பாய்க்கப்பல்கள் ஒரு காலத்தில் இந்தியக் கரைத் துறைமுகங்களுக்கும் பர்மாவுக்கும் சரக்கேற்றித் திரிந்தன. அவற்றுள் ஒன்று 'அன்னபூரணி'. 89 அடி நீளமுள்ளது. அதை விலைக்கு வாங்கியவர் வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர். 32 அடிப் படகொன்றில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்து பெயர் பெற்றவர். பின்னாளில் மசச்சூசெற்சிற் சொந்தமாகக் கப்பல்தளம் நடத்தியவர். மரத்தின் குணமும் பாயின் குணமும் அறிந்த அந்த மனிதர், எங்கள் ஓடாவிமார் கட்டி எங்கள் வணிகர் ஓட்டிப் பழகிய ஒரு கப்பலைத் தேடிவந்து வாங்கினார் என்பதை நினைக்க வேண்டும். மனைவியின் பெயரை அதற்கு இட்டார். 1937-இற் புறப்பட்ட கப்பல் ஏடன், சுயெஸ், ஜிப்ரால்டர், பெர்மியூடா வழியாக 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகள் நால்வரும் அதனுடன் சென்றார்கள்.

இந்தக் கதையை நாம் எத்தனை மேடைகளிற் கேட்டிருக்கிறோம்! மலர்களிற் படித்திருக்கிறோம், பிள்ளைகளுக்குப் பேச்சுப்போட்டிக்கு மனனஞ் செய்வித்திருக்கிறோம். ஆனால் அன்னபூரணியைப் பழைய கப்பலொன்றின் விற்பனை என்ற கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? வாங்கியவன் என்ன பார்த்து வாங்கினான், விற்ற நாம் எதை விற்றோம் என்று கேட்டவர் யார்? வெள்ளைக்காரன் நம் பழைய கப்பலை வாங்கினால் அது சரித்திரம். நம் வீட்டுப் பிள்ளை வெள்ளைக்காரனின் பழைய படகை வாங்கினால் அது விசர். இந்த நியாயம் எனக்கு விளங்கவில்லை.

றொபின்சன் செல்வர் வீட்டு மருமகன், அவருக்குக் கட்டும் என்று ஒருவர் சொல்லலாம். உண்மைதான், அவர் மணந்தது சிக்காகோவின் பெருஞ் செல்வக் குடும்பமான கிறேன் குடும்பத்துப் பெண்ணை. ஆகவே கையிற் காசில்லாத ஒருவரைக் காட்டுகிறேன். ஜோசுவா ஸ்லோகம் என்ற கப்பற்றலைவர், நீராவிக் கப்பல்கள் பாய்க்கப்பல்களின் பிழைப்பைக் கெடுத்த காலத்தில் வேலையிழந்து நின்றவர். 1892-இல் பழைய நண்பரொருவர் ஒரு கப்பலை இனாமாகத் தருவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால், அது கடலிலிருந்து விலகி ஒரு வயல்வெளியில், துணி போர்த்து, முட்டுக்கொடுத்து நின்றது. உடைத்து விறகாக்க வந்தாரோ என்று ஊரார் நினைத்தார்கள். ஸ்லோகம் அயலில் நின்ற ஓக்கு மரத்தைத் தறித்து ஏராக்கட்டை செய்தார். பலகை பலகையாக மாற்றிப் பதின்மூன்று மாதத்தில் அதைப் புதுக்கினார். இனாமாகக் கிடைத்த அந்தப் படகுக்கு மரஞ்சாமான் வகையில் மட்டும் அவருக்கு முடிந்தது 553 டொலர் 62 சதம். 37 அடிக்குச் சற்றுக் குறைந்த அந்த 'ஸ்பிறே'யில் 1895-இல் தனியாகப் புறப்பட்டு, 1898-இல் உலகைச் சுற்றித் திரும்பினார். தனியொருவராக உலகைச் சுற்றியவர்களில் அவரே முதல்வர்.

அந்த 553 டொலரை நான் மருமகனுக்கு அழுத்தி எழுதினேன். பழைய படகுக்கு இரண்டு விலை. ஒன்று விற்பவனுக்குக் கொடுப்பது. மற்றது படகுக்கே கொடுப்பது. இனாமாக வந்த படகுக்கே இரண்டாவது விலை உண்டென்றால் மலிவாக வந்த படகுக்கு இல்லாமற் போகுமா? கையிலுள்ளதைப் பத்துப் பங்காக்கினால் ஆறு பங்குக்கு மேல் வாங்கும் விலையாகக் கொடாதே என்பது என் முதல் நிபந்தனை. முழுப்பணத்தையும் கொடுத்துப் பெரிய படகை வாங்கிவிட்டுப் பாய் தைக்கக் காசின்றித் துறைமுக வாடகை கட்டிக்கொண்டு கிடப்பவர் அங்கே ஏராளம் என்று அவனே சொன்னான்.

இரண்டாவது, நீளத்தைப் பற்றியது. 28 அடிக்கும் 38 அடிக்கும் பத்தடிதானே வித்தியாசம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு விதம். ஒரே அச்சில் வார்த்த இரு படகுகளில் நீளம் அவ்வளவு கூடினால் எடை ஏறக்குறைய இரண்டரை மடங்காகும். எடை கூடினாற் பாய் பெரிது, கயிறு தடிப்பு, நங்கூரம் பாரம்; எல்லாவற்றுக்கும் காசு கூட. சின்னப் படகு கடலுக்கு ஆகாது என்ற அச்சம் முழுதும் சரியன்று. 1979-இல் ஃபாஸ்ற்நெற் பந்தயத்தில் 303 படகுகள் ஓடின. புயல் அடித்ததிற் பந்தயத்தில் ஓடிய 15 மாலுமிகள் மாண்டார்கள். மிகச் சிறிய படகுகளின் பிரிவில் ஓடி முடித்தது ஒன்றே ஒன்று. அதன் நீளம் 32 அடி. கட்டின விதமும் ஓட்டின கையும் நல்லவையாக இருந்தால் நீளம் அவ்வளவு பெரிதல்ல.

வயதும் அப்படித்தான். 2022-இல் தொடங்கிய தனிமனிதர் உலகச் சுற்றுப் பந்தயமொன்றின் விதிப்படி, 1988-க்கு முன் வரையப்பட்ட மாதிரிப் படகுகளே ஓடலாம். அதில் தென்னாபிரிக்கப் பெண் கேர்ஸ்ரன் நொய்ஷேபர் முதலாவதாகவும், இந்தியக் கடற்படையிலிருந்து ஓய்வுபெற்ற அபிலாஷ் ரோமி இரண்டாவதாகவும் 2023 ஏப்ரலிற் கரைசேர்ந்தார்கள். இருவர் படகும் 36 அடி. பழையதை ஓட்டத் தெரிய வேண்டும் என்பதை யாழ்ப்பாணத்தானுக்கு ஒருவர் சொல்லவும் வேண்டுமா? ஒஸ்ரின் ஏ40 காரை அது பிறந்த நாட்டில் மறந்து எத்தனையோ வருடங்களின் பின்னும் நாம் ஓட்டினோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சொட்டாக விட்டு எஞ்சினைத் தட்டியெழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டியவர்கள் நாம். அப்பா வைத்திருந்த கார் புகையாலேயே எங்கள் ஒழுங்கையை நிறைத்தது. ஆனாலும் ஒரு பிரசவத்துக்கேனும் அது பிந்திப் போனதில்லை.

ஆயினும் கார் நின்றால் இறங்கித் தள்ளலாம். ஆகையால் மூன்றாவது நிபந்தனையை மட்டும் நான் கட்டளையாகவே எழுதினேன். விற்பவன் காட்டும் ஆளையல்ல, நீயே கூலி கொடுத்துப் பிடித்த சர்வேயர் ஒருவரைக் கொண்டு, படகைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் பார்க்கவேண்டும். அவர் சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டுவாராம். பலாப்பழத்தைத் தட்டிப் பார்க்கும் நம் பெண்களைப்போல. கணீரென்று கேட்டால் நல்லது. சத்தம் அமுங்கினால் உள்ளே ஊறியிருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முந்திய கண்ணாடி நார்ப் படகுகளின் அடிப்புறம் பெரும்பாலும் தடிப்பாகத்தான் வார்க்கப்பட்டது. மேற்றட்டு அப்படியன்று; அநேகமானவற்றில் இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே இலேசான மரத்தை வைத்திருக்கிறார்கள். ஓர் ஆணித்துவாரத்தால் நீர் இறங்கினாற் போதும், மேலே வர்ணம் பளபளக்க உள்ளே மரம் சகதியாகிவிடும். பாய்மரத்தை நிறுத்திப் பிடிக்கும் கம்பிகளும், அவற்றைப் படகின் உடலோடு பூட்டும் உலோகப் பட்டைகளும் இன்னொன்று. துருப்பிடிக்காத உருக்கு என்பார்கள். காற்றுப்படாத இடத்தில் உப்புநீர் தேங்கினால் அதுவும் உள்ளூர வெடிக்கும். வெடிப்பது வெளியே தெரியாது. அதைக் கேட்டபோது எனக்குப் படகுகளைப்பற்றிய எண்ணம் மட்டும் வரவில்லை.

சர்வேயரின் கூலி அதிகம், அந்தக் காசுக்கு ஒரு பாய் வாங்கலாம் என்று மருமகன் முதலில் இழுத்தான். நான் அவனுக்கு அந்தப் பால்மாப் பேணியின் கதையை எழுதினேன். அது அவனுக்குத் தெரியாதாம். முப்பத்தெட்டு வருடமாகத் தாய் அதை மகனுக்குச் சொல்லவில்லை; நானும் சொல்லவில்லை. அவனுக்குச் சொல்ல நம்மிடம் தம்பிப்பிள்ளையின் கதை இருந்தது. அவன் தாயின் கதையைக் கதையென்றே நாம் நினைக்கவில்லை.

அவனிடமிருந்து இரண்டு வாரம் சத்தமில்லை. பின்பு சர்வேயரின் அறிக்கை வந்தது, இருபத்தேழு பக்கம். மேற்றட்டில் பாய்மரத்தின் இருமருங்கும் ஊறியிருந்தது. கம்பியைப் பூட்டும் பட்டைகளிற் மூன்று வெடித்திருந்தன. திருத்தும் செலவு ஏறக்குறைய வாங்கும் விலையளவு. முப்பத்தெட்டு அடியை அவன் கைவிட்டான். இப்போது இருபத்தொன்பது அடியில் வேறொன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். விற்பவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியர். முப்பது வருடமாக வருடந்தோறும் செய்த திருத்தவேலைகளைக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறாராம். கொப்பி எழுதுகிற விற்பனையாளனை நம்பலாம் என்று, நானும் ஆசிரியத் தொழில் பார்த்தவனாகையால், சற்றே பட்சபாதமாகவே எழுதினேன்.

முந்தாநாள் தமக்கை நெல்லியடிச் சந்தைக்குப் போய்த் திரும்பும் வழியில் வந்தாள். மரக்கறிப் பையைத் திண்ணையில் வைத்துவிட்டு, மகன் அனுப்பிய படத்தைத் தொலைபேசியிற் காட்டினாள். நீல வர்ணம் பூசிய சின்னப் படகு. வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, உதுக்குள்ள தண்ணி ஏறினா இறைக்கிறதுக்கு மெசின் கிசின் இருக்குமோ?"

இரண்டு இருக்கிறதாம், ஒன்று பற்றரியில் ஓடுவது, மற்றது கையால் இறைப்பது என்றேன்.

"கையால இறைக்கிறது நல்லதாப் பாத்து வாங்கச் சொல்லு" என்றாள்.